சிரிக்காமல் எழுந்தவர்

எல்லோரும் நன்றாக இருக்கிறீர்களா? டெக்சாஸில் இருப்பவர்களுக்கு வெயில் கொஞ்சமாவது இறங்கியதா? சன்னிவேல்காரர்களைக் கேட்கவே வேண்டாம், உங்களுக்கு வருஷம் முழுக்க ஒரே வானம். இங்கே நியூ ஜெர்சி பிரிட்ஜ்வாட்டரில் இலையெல்லாம் கொட்டி, காலையில் கார் கண்ணாடியைச் சுரண்டும் அளவுக்குக் குளிர் வந்துவிட்டது. முழங்கால் வலிக்காரர்கள் வீட்டுக்குள்ளேயும் சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். பிரஷர் மாத்திரையை மறந்துவிடாதீர்கள். "உடம்புக்கு என்ன, ஜம்முனு இருக்கேன்" என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போதெல்லாம் பயமாக இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

என் வீட்டுக்காரர் சேனாபதி பாண்டிச்சேரியில் பிறந்தவர். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்து, சென்னையில் ஒரு காலேஜில் காலமெல்லாம் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவர். ரிட்டயர் ஆனதும் மகன் ஜெயபிரகாஷ் எங்களை இங்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். இங்கே அவரோடு பிரெஞ்சு பேச ஆளே கிடையாது. குளிக்கும்போது தனக்குத்தானே பேசிக்கொள்வார். வெளியே நிற்பவர்களுக்கு உள்ளே இரண்டு பேர் சண்டை போடுவதுபோல் கேட்கும்.

அப்படி இருக்கும்போதுதான் தமிழ்ச் சங்கத்து வாட்ஸ்அப்பில் அந்தச் செய்தி வந்தது. பிரெஞ்சு பேசத் தெரிந்த வயதான தமிழர் ஒருவர் வேண்டும், பிரெஞ்சுப் படம் ஒன்றில் நடிக்க. மருமகள் தாமரைச்செல்வி அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "மாமா, உங்களுக்குன்னே போட்ட மாதிரி இருக்கு, போயிட்டு வாங்களேன்" என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னாள். அவர் அன்றைக்கே மீசையைக் கத்தரித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

டைரக்டர் பெயர் பாஸ்தியேன் கோர்வெல். மாண்ட்ரியால்காரர், பிரெஞ்சு மொழியில் மட்டும்தான் படம் எடுப்பாராம். ஒட்டடைக்குச்சி மாதிரி உயரம், எப்போதும் ஒரே சாம்பல் நிற ஸ்வெட்டர். பாண்டிச்சேரியிலிருந்து வந்த ஒரு தாத்தா, பேரன் பேத்திகளுக்குப் புரியாத பிரெஞ்சிலேயே கடைசிவரை பேசிவிட்டு, நியூ ஜெர்சியில் செத்துப்போகிறார். அதுதான் கதை. தாத்தா, எங்கள் வீட்டுக்காரர்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அவருக்கு இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போயிருந்தது. தொடை வழியாகக் குழாய் விட்டுப் புது வால்வு வைக்க வேண்டும் என்று கார்டியாலஜிஸ்ட் சொல்லியிருந்தார். "ஷூட்டிங் முடியட்டும் டாக்டர், அப்புறம் நீங்க எங்க வேணாலும் குழாய் விடுங்க" என்றார் இவர். கொஞ்ச நாள் பொறுக்கலாம் என்று டாக்டரும் நவம்பர் முதல் வாரத்தில் தேதி கொடுத்துவிட்டார்.

செத்தவராக நடிக்க அவர் வீட்டிலேயே பழகினார். நெஞ்சு ஏறி இறங்குவது காமிராவில் தெரியக் கூடாதாம். மூச்சை வயிற்றுக்குள்ளேயே சன்னமாக விட டைரக்டர் சொல்லிக்கொடுத்திருந்தார். மத்தியானம் சோபாவில் படுத்து, கையை மார்பில் கோத்துக்கொண்டு, "பாக்கியம், பாரு, தெரியுதா?" என்று கேட்பார். "தெரியுது தெரியுது, எந்திரிங்க" என்பேன். நிஜத்தில் ஒன்றும் தெரியாது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

நான் கோடம்பாக்கத்தில் வளர்ந்தவள். என் பெரியப்பா ஸ்டுடியோவில் மேக்கப் மேன். எங்கள் ஊர் சினிமாவில் சாவு ஸீன் எடுத்தால் அதோடு விடமாட்டார்கள். பாடையிலிருந்து எழுந்தவரைக் காமிரா முன்னால் நிறுத்தி, சிரிக்கச் சொல்லி ஒரு ஷாட் எடுப்பார்கள். படத்தில் வராது, ஆனாலும் எடுப்பார்கள். பிறகு பூசணிக்காய் உடைத்துத் திருஷ்டி கழிப்பார்கள். கடைசியாகக் காமிராவில் பதிவது செத்த முகமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. எவ்வளவு பெரிய ஹீரோவானாலும் சிரிக்காமல் ஒப்பனையைக் கலைக்கப் பெரியப்பா விடமாட்டார்.

இதை நான் அவரிடம் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். சினிமா என்றால் எல்லா ஊரிலும் இது உண்டு என்று நினைத்துவிட்டேன்.

கடைசி நாள் ஷூட்டிங், வாடகைக்கு எடுத்த ஒரு ஃப்யூனரல் ஹோமில், அதாவது இறந்தவரைப் பெட்டியில் வைத்துச் சடங்கு செய்யும் இடத்தில். பேத்தி அதிதிக்கு அன்று ஸ்கூல் பாதி நாள் என்பதால் நான் போகவில்லை. சாயங்காலம் கார் வந்து நின்றது. கதவைத் திறந்தால், அக்குளில் பெரிய சட்டம் ஒன்றை இடுக்கிக்கொண்டு நிற்கிறார்.

"என்னங்க அது?"

"ப்ரெசென்ட்! எல்லாரும் பின்னாடி கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்க."

திருப்பிக் காட்டினார். அவருடைய படம். நெற்றியில் சந்தனப் பொட்டு, சட்டத்தைச் சுற்றி ரோஜா மாலை. ஷூட்டிங்குக்காகச் சுவரில் மாட்டியிருந்தது.

"ஐயோ, அதைக் கீழ வைங்க! ... ஷாட் முடிஞ்சு சிரிச்சீங்களா?"

"எதுக்குச் சிரிக்கணும்?"

"எழுந்திரிச்சதும். காமிராவைப் பாத்து."

"ஒருத்தரும் பேசலை பாக்கியம். சவுண்ட் ரெக்கார்ட் பண்ற பொண்ணு அழுதுட்டா. டைரக்டர் வந்து ரெண்டு கையையும் புடிச்சிக்கிட்டார், அவ்வளவுதான். வண்டி ஏத்தி விட்டுட்டாங்க."

"பூசணிக்காய்?"

"அங்க எவன்டி பூசணிக்காய் வாங்குவான்?" என்று சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றப் போய்விட்டார்.

மாலையை உருவிக் குப்பையில் போட்டுவிட்டு, படத்தைக் கோட் மாட்டும் அலமாரிக்குள் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். ஆனால் ஹாலோவீன் என்று பேய் அலங்காரம் வைக்கும் அக்டோபர் மாதத்தில் இந்த ஊரில் எதைத்தான் மறைக்க முடியும்? வாக்கிங் போனால் வீட்டுக்கு வீடு புல்வெளியில் கல்லறைக் கல், மண்ணுக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கை, மரத்தில் தொங்கும் எலும்புக்கூடு. எல்லாம் பிளாஸ்டிக் என்று தெரியும். இத்தனை வருஷமாகச் சிரித்துக்கொண்டே கடந்துபோனவள், இந்த வருஷம் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

ஒருநாள் திரும்பி வந்தால் எங்கள் வாசலில் அவர். அதாவது, அவருடைய படம். பிளாஸ்டிக் கல்லறைக் கல்லின்மேல் சாய்த்து, இரண்டு பக்கமும் ஆரஞ்சுப் பூசணி வைத்து, ஆரஞ்சுக் காகிதப் பூவில் புது மாலையும் போட்டிருந்தது.

"அதிதி!"

"பாட்டி, இட்ஸ் ஜஸ்ட் ஃபார் ஹாலோவீன்! தாத்தா ஓகே சொன்னாரு!"

"தாத்தா சொல்லுவாரு. தாத்தாவுக்கு என்ன தெரியும்?"

எதிர்வீட்டு வெள்ளைக்கார அம்மா அங்கிருந்தே கையை ஆட்டி, இந்தத் தெருவிலேயே உங்கள் அலங்காரம்தான் பிரமாதம் என்றாள். நான் படத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

அன்று மத்தியானம்தான் டேப்லெட்டை எடுத்து அந்த டைரக்டர் யார் என்று பார்க்க உட்கார்ந்தேன். பிரெஞ்சில் இருந்ததைத் தமிழாக்கும் பட்டனை அமுக்கினால் அரைகுறையாக வந்தது. ஆனாலும் புரிந்தது. எங்கள் படத்துக்கு முன்னால் மூன்று படம் எடுத்திருக்கிறார். மூன்றிலும் வயதானவர்கள்தான் கதாநாயகர்கள்.

முதல் படத்தில் ஒடெத் வில்மேர் என்ற அம்மா. பாரிஸில் நாற்பது வருஷம் பக்கத்து வீட்டுக்காரி, நர்ஸ், ரயிலில் எதிர் சீட்டில் உட்காருபவள் என்று ஒரு ஸீன், அரை ஸீன் நடித்தவள். இந்தப் படத்தில்தான் முதன்முதலாக நாயகி. பரிசும் கிடைத்தது. பரிசு கொடுத்த நாளில் அவள் இல்லை. இரண்டாவது, கஸ்தோன் லமிரால். கியூபெக் ரேடியோவில் நாடகம் நடித்தவர், குரலைத் தெரியும், முகத்தை யாருக்கும் தெரியாது. படம் தியேட்டருக்கு வருமுன் அவரும் போய்விட்டார். மூன்றாவதும் ஒரு அம்மா, அமெரிக்கப் படங்களுக்குப் பிரெஞ்சில் டப்பிங் பேசியே காலத்தைக் கழித்தவள். பெயர் சுஸான். அவளுக்கும் இதே கதைதான். மூன்று பேருக்கும் நடித்த படங்களின் வரிசையில் கடைசியாக இருப்பது இவர் எடுத்த படம். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை, வெள்ளையாக இருந்தது.

டேப்லெட்டை வைத்துவிட்டு சோபாவைப் பார்த்தேன். அவர் தூங்குகிறார். கை மார்பில் கோத்திருக்கிறது. நெஞ்சு அசையவில்லை. பழகிப் பழகித் தூக்கத்திலும் அந்த மூச்சே வந்துவிட்டது. எழுந்து போய் மூக்குக்கு நேரே விரலை வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. கன்னத்தைத் தட்டக் கையை ஓங்கினேன்.

ஒற்றைக் கண்ணைத் திறந்தார். "கட் சொல்லிட்டியா?"

"உங்களுக்கு விளையாட்டா இருக்கா?" என்று கத்தினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மகனிடம் சொன்னேன். "அம்மா, எண்பது வயசு ஆளுங்களா பாத்து நடிக்க வச்சா அவங்க செத்துதான் போவாங்க, இதுல என்ன இருக்கு?" என்றான். இன்ஜினீயர் பதில். சரியான பதில்தான், அது எனக்கும் தெரியும். மருமகள்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அத்தை, நீங்க அந்த டைரக்டரையே கூப்பிட்டுக் கேட்டுடுங்க, ஆபரேஷனுக்கு முன்னாடி மனசுல இது வேண்டாம்" என்றாள்.

என் வீட்டுக்காரர் குளிக்கப் போன நேரம் பார்த்து அவருடைய போனிலிருந்து நானே கூப்பிட்டேன். அந்த மனிதருடைய இங்கிலீஷும் என்னுடைய இங்கிலீஷும் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை. அதனால் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன். போனை எடுத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "எப்போது போனார்?"

"யார்?"

"உங்கள் கணவர்."

"அவர் குளிக்கிறார்!" என்றேன்.

அந்தப் பக்கத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம். மன்னித்துவிடுங்கள் என்றார். ஷூட்டிங் முடிந்து நடிகரின் வீட்டிலிருந்து போன் வந்தால் அது எப்போதும் அந்தச் செய்தியாகத்தான் இருந்திருக்கிறதாம். அதனால் அவராக யாரையும் கூப்பிடுவதே இல்லையாம். படம் முடிந்தால் போட்டோவைக் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வாராம். யாரும் சீந்தாத கிழவர்களுக்கு ஒரு நல்ல வேடம் கொடுக்கத்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன், இப்போது தொழிலில் இருப்பவர்கள் என்னை வெட்டியான் என்று கேலி பேசுகிறார்கள் என்றார். என்னைவிட அதிகம் பயந்திருந்தது அவர்தான்.

பெரியப்பா செய்ததை எல்லாம் சொன்னேன். சிரிக்கிற ஷாட், பூசணிக்காய், எல்லாம். "ஏன் எனக்கு யாரும் இதைச் சொல்லவில்லை?" என்று கேட்டார். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார். நானே காமிராவை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றார்.

சொன்னபடி ஆபரேஷனுக்கு முந்தின நாள், மாண்ட்ரியாலிலிருந்து தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு வந்து நின்றார். அதே ஸ்வெட்டர். கராஜில் மடக்கு மேஜை இரண்டைச் சேர்த்துப் போட்டு, மேலே வெள்ளை வேட்டி விரித்து, அந்தப் போட்டோவையும் பின்னால் சாய்த்து வைத்தோம். சாவு ஸீனை எங்கே விட்டார்களோ அங்கிருந்துதான் எழுந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லிவிட்டேன்.

காமிராவைப் பார்க்க வேறு ஆள் இல்லை. லைட், ஃபோகஸ் எல்லாம் சரிபார்க்கும்வரை எங்கள் வீட்டுக்காரரை அந்த மேஜையில் படுக்க வைக்க வேண்டாம் என்று டைரக்டரே ஏறிப் படுத்துக்கொண்டார். கையை மார்பில் கோத்துக்கொண்டார். மாலையின் நிறம் எப்படித் தெரிகிறது என்று பார்க்க வேண்டும் என்றார். அதிதி காகிதப்பூ மாலையை எடுத்து வந்து கழுத்தில் போட்டுவிட்டாள். தாமரைச்செல்வி காமிராவில் கண்ணை வைத்து, அவர் சொன்னபடி வளையத்தைத் திருப்பினாள். அவர் கண்ணை மூடி அசையாமல் கிடந்தார். "ஓகே, க்ளியரா தெரியுது" என்றாள் இவள். அவர் மாலையைக் கழற்றிக்கொண்டு இறங்கி வந்து காமிராவுக்குப் பின்னால் நின்றார்.

பிறகு எங்கள் வீட்டுக்காரர் படுத்தார். எழுந்தார். காமிராவைப் பார்த்தார்.

"சிரிங்க" என்றேன்.

உதடு இழுத்தது, அவ்வளவுதான்.

"என்னங்க, சிரிங்களேன்."

"வரல பாக்கியம்." மேஜை விளிம்பில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "எனக்கும் பயமாத்தான் இருக்கு. அந்தப் பெட்டிக்குள்ள படுத்திருந்தப்ப... ரொம்ப சௌகரியமா இருந்துச்சு. அதான் பயம்."

டைரக்டருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் காமிராவை நிறுத்தவில்லை. ஜெயபிரகாஷ்தான், "சரி, முதல்ல பூசணிக்காயை உடைச்சிடலாம்மா" என்றான். இந்தியன் ஸ்டோரில் வெள்ளைப் பூசணி துண்டு போட்டதுதான் கிடைத்தது. அதனால் வாசலில் இருந்த ஆரஞ்சுப் பூசணி ஒன்றைத் தூக்கி வந்திருந்தான். "நம்ம காலனி அசோசியேஷன்காரன் பாத்தான்னா லெட்டர் போடுவான். நான் ஒருத்தன் ஃபைன் கட்டணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே, அப்பாவை மூன்று சுற்றுச் சுற்றி, டிரைவ்வேயில் ஓங்கிப் போட்டான்.

பூசணிக்காய் எகிறிக் குதித்தது. இன்னொரு தடவை குதித்தது. பிறகு சரிவில் உருண்டு, தெருவைத் தாண்டி, எதிர்வீட்டு எலும்புக்கூட்டின் காலடியில் போய் நின்றது. பிளாஸ்டிக்!

"டேய், அது அதிதி வாங்கினதுடா!" என்று தாமரைச்செல்வி தலையில் அடித்துக்கொண்டாள். புருஷனை டேய் என்கிறாளே என்று பார்ப்பதற்குள் எங்கள் வீட்டுக்காரர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். வயிறு குலுங்க, கண்ணில் நீர் வர, நெஞ்சு ஏறி இறங்கச் சிரித்தார். டைரக்டர் காமிராவிலிருந்து கண்ணை எடுக்காமல் அத்தனையையும் பிடித்தார். அவர் முகம் மட்டும் அப்படியே இருந்தது.

டைரக்டர் ஒரு வாய் ரசம் சாதம் சாப்பிட்டார். மலைப்பாதையில் பனி விழப்போகிறது, இருட்டுவதற்குள் பாதி தூரமாவது போக வேண்டும் என்று கிளம்பினார். காரில் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தத் தடவை நானே கூப்பிடுவேன், ஆபரேஷன் முடிந்ததும்" என்றார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில், கார் பார்க்கிங் பக்கத்து ஜன்னலோரம், கையில் பிள்ளையார் படத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிரித்தாயிற்று, ஆனால் பூசணி உடையவில்லையே என்று மனசு அதிலேயே சுற்றியது. டாக்டர் வெளியே வந்து, எல்லாம் நன்றாக முடிந்தது, புது வால்வு அழகாக வேலை செய்கிறது என்றார். உள்ளே போனேன். கண்ணை மூடியிருந்தார். போர்வை ஏறி இறங்குவது வாசலிலிருந்தே தெரிந்தது. பக்கத்தில் போனதும் ஒற்றைக் கண்ணைத் திறந்து, "கட் சொல்லிட்டாங்களா?" என்றார்.

"சொல்லிட்டாங்க, சொல்லிட்டாங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்த அன்றுதான், அந்தச் சிரிப்பை அதிதி போனில் எடுத்து வைத்திருந்ததைப் போட்டுக் காட்டினாள். ஆரம்பத்திலிருந்தே எடுத்திருக்கிறாள். மேஜையில் டைரக்டர் படுத்திருக்கிறார். மாலை. மூடிய கண். பின்னால் என் வீட்டுக்காரர் படம். தாமரைச்செல்வி ஓகே என்கிறாள். அவர் இறங்குகிறார், நடந்துபோகிறார்.

நான் போனைப் பிடுங்கித் திரும்பப் போட்டேன். டைரக்டர் சிரிக்கவில்லை. அதற்கப்புறமும் சிரிக்கவில்லை. யாரும் அவரைச் சிரிக்கச் சொல்லவில்லை. நான், எல்லாம் தெரிந்தவள், பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். காமிராவில் அந்த முகம் ஒருவேளை பதிவாகாமல் இருந்திருக்கலாம். அதிதியின் போனில் பதிந்திருக்கிறது.

"என்னங்க, அவர் கூப்பிட்டாரா?"

"யாரு?"

"பாஸ்தியேன்."

முதலில் சிரித்தார். "பாக்கியம், அவன் முப்பத்தெட்டு வயசுப் பையன்டி" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, தானே போனை எடுத்துப் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் பாஸ்தியேன் குரலே பிரெஞ்சில் ஏதோ சொன்னது. "மெசேஜ் விடச் சொல்றான்" என்றார். விட்டார். மறுநாளும் விட்டார். இன்று காலை போட்டபோது மணியே அடிக்கவில்லை, நேராக அந்தக் குரல்தான். என் வீட்டுக்காரர் இப்போது மத்தியானம் தூங்குவதில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார்.

படம் முடிந்தால் யாரோடும் பேசாத பழக்கம் அவருக்கு உண்டு, அதுவாக இருக்கும் என்கிறான் மகன். அப்படியே இருக்கட்டும். ஆனால் கூப்பிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனாரே.

அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். உங்களில் யார் வீட்டிலாவது கோடம்பாக்கத்தில் வேலை பார்த்த அப்பா, சித்தப்பா, மாமா இருப்பார்கள். லைட் பார்ப்பதற்காக ஹீரோவுக்குப் பதிலாகப் பாடையில் படுத்தவர்களையும் சிரிக்க வைப்பார்களா? எவ்வளவு யோசித்தும் பெரியப்பா என்ன செய்தார் என்று எனக்கு ஞாபகம் வரவில்லை. விட்டுப்போனால் பிறகு செய்துகொள்ளலாமா? வீடியோ காலில் சிரித்தால் செல்லுமா? உங்கள் வீட்டில் இப்படி ஏதாவது நடந்திருந்தால் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள், பயமாக இருந்தாலும் பரவாயில்லை. மாண்ட்ரியால் பக்கம் சொந்தக்காரர்கள் இருப்பவர்கள் முதலில் எழுதுங்கள். சாம்பல் நிற ஸ்வெட்டர், நல்ல உயரம்.